எதிர் வீட்டு சாரத்தில் எடி

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் மொட்டை மாடியில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் எதிர் வீட்டில் இன்னொரு மாடி எழுப்புகிறார்கள். சாரத்தில் புதுசாக ஒரு திருஷ்டி பொம்மை தொங்கிக்கொண்டிருந்தது. வைக்கோல் உடம்பு, பானைத் தலை, முறுக்கு மீசை, எல்லாம் வழக்கம்போல. அது போட்டிருந்த பனியனைப் பார்த்ததும்தான் பேஸ்ட்டை விழுங்கிவிட்டேன்.

அது என்னுடைய அயர்ன் மெய்டன் ராக் பேண்ட் டி-ஷர்ட்.

2007 மார்ச் 17, சனிக்கிழமை. பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ். வீட்டில் நண்பனின் அக்காவுக்கு நிச்சயதார்த்தம் என்று சொல்லிவிட்டுப் போன கச்சேரி. (அந்த அக்காவுக்கு அப்போது இரண்டு பிள்ளைகள்.) முதலில் நம்ம டெல்லி பேண்ட் பரிக்ரமா, அப்புறம் அயர்ன் மெய்டனில் பேஸ் கிட்டார் வாசிக்கும் ஸ்டீவ் ஹாரிஸின் மகள் லாரன் பாடினார், அப்புறம் அயர்ன் மெய்டனே. ஸ்டீவ் ஹாரிஸை எனக்குத் தனியாகப் பிடிக்கும். 1975-ல் கிழக்கு லண்டனில் பேண்டை ஆரம்பித்தவர், வெஸ்ட் ஹாம் ஃபுட்பால் டீம் பைத்தியம். ஃபுட்பாலுக்குப் பேர்போன நம்ம வியாசர்பாடியில் பிறந்திருக்க வேண்டிய ஆள்.

'ஃபியர் ஆஃப் த டார்க்' பாட்டு ஆரம்பித்ததும் கூட்டம் பண்ணியதை எப்படிச் சொல்வது? நம் ஊரில் பாட்டோடு சேர்ந்து பாடுவார்கள். அங்கே கிட்டார் வாசிப்பதையே 'ஓ... ஓ...' என்று மொத்த மைதானமும் பாடியது. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆள் என் தோளில் கை போட்டுக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். பஸ்ஸுக்கு எடுத்து வைத்தது போக மிச்சமிருந்த காசுக்கு அந்த டி-ஷர்ட்டை வாங்கினேன். நெஞ்சு முழுக்க எடி. அவர்களுடைய ஆல்பம் அட்டைகளிலெல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்குமே, அந்த எலும்பு மூஞ்சி.

நைட் பஸ் பிடித்து, கண் சிவந்து, தொண்டை கட்டி, ஞாயிறு காலை தெருமுனையில் வந்து இறங்கினால் தெருவே இழவு வீடு மாதிரி இருக்கிறது. அதே ராத்திரிதான் உலகக் கோப்பையில் இந்தியா 191-க்குச் சுருண்டு பங்களாதேஷிடம் தோற்றிருக்கிறது. என் கோலத்தைப் பார்த்த டீக்கடைக்காரர், "நீயும் ராத்திரி பூரா அழுதியாபா?" என்று காசு வாங்காமல் ஒரு டீ கொடுத்தார். அழுதது உண்மைதானே, வாங்கிக் குடித்தேன்.

இவ்வளவு சரித்திரம் உள்ள துணி இப்போது சாரத்தில் தொங்குகிறது. கீழே ஓடினேன்.

"மேஸ்திரி பழைய துணி கேட்டாரு, குடுத்தேன்" என்றார் அம்மா, கீரை ஆய்ந்தபடியே. "அக்குள்ல ஓட்டை. கரித்துணிக்குக்கூட ஆவாது. பேய் மூஞ்ச இத்தினி வருஷம் பட்டுப் புடவ பக்கத்துல வெச்சிருந்தேனே, அத்த நெனச்சிப் பாரு."

மேஸ்திரியிடம் போனேன். கிரகப்பிரவேசம் வரைக்கும் இறக்கக்கூடாது என்றார். "கட்னதுக்கப்புறம் கயட்டுனா வூட்டுக்கு ஆவாது தம்பி. நேத்து இத்த மாட்டுனதுலேர்ந்து ஒருத்தனும் வூட்டப் பாக்க மாட்டேன்றான், இத்தத்தான் பாக்குறான். இன்னா பவரு தெரிமா?" நான் கெஞ்சியதைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கி வந்தார். இதே பவரில் வேறொன்று கொண்டுவந்தால் நல்ல நேரம் பார்த்து மாற்றிக்கொள்ளலாமாம்.

முதலில் பிங்க் ஃபிளாய்ட் என்ற இன்னொரு ராக் பேண்டின் டி-ஷர்ட்டைக் கொண்டுபோனேன். 1973-ல் வந்த ஆல்பத்தின் அட்டைப்படம்: கறுப்பில் ஒரு முக்கோணம், ஒரு பக்கம் வெள்ளை ஒளி, மறுபக்கம் வானவில். மேஸ்திரி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாபா இது, கொடும்ப கட்டுப்பாடா? புது வூட்ல இத்தப் போய் மாட்னா ஓனரு என்னிய ஒதைப்பாரு."

குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னம் சிவப்பு, தலைகீழ் முக்கோணம் என்று விளக்கப் பார்த்தேன். இப்படிப் பிடித்தால் தலைகீழ்தானே என்று டி-ஷர்ட்டையே கவிழ்த்துக் காட்டினார். பதில் இல்லை.

அடுத்து ரோலிங் ஸ்டோன்ஸ் பேண்டின் டி-ஷர்ட். பர்மா பஜாரில் வாங்கிய டூப்ளிகேட்தான், ஆனாலும் அந்தச் சிவப்பு உதடும் நீட்டிய நாக்கும் பளிச்சென்று இருக்கும். பார்த்ததும் மேஸ்திரி செருப்பைக் கழற்றிவிட்டார்.

"ஆத்தா நாக்கு. இத்தயா தொங்க வுடச் சொல்ற? எட்த்துனு போ."

சிரிப்பு வரவில்லை எனக்கு, மயிர்க்கூச்செறிந்தது. ஏனென்றால் மனிதர் சொன்னது நிஜம். 1970-ல் அந்த லோகோவை வரைந்தவர் ஜான் பாஷ் என்ற லண்டன் மாணவர். அந்த பேண்டின் பாடகர் மிக் ஜாகர் அவரிடம் மாதிரிக்குக் கொடுத்தது, நம் காளி படம். நான் எங்கெங்கோ படித்துத் தெரிந்துகொண்டதை இவர் கரணையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். அவரிடமே இதைச் சொன்னேன். "பின்ன?" என்றுவிட்டு சிமெண்ட் பூசப் போனார்.

ஆக, எடி இன்னும் மேலேதான். காசிமேட்டுப் பக்கமிருந்து கடல்காற்று அடிக்கும்போது கையைக் காலை ஆட்டுகிறது. சாயங்காலம் இயர்போனை மாட்டிக்கொண்டு அதற்கு எதிரே உட்கார்ந்தால் ஓரளவுக்கு மேடை மாதிரியே இருக்கிறது. கிரகப்பிரவேசம் தை மாதமாம்.

நேற்று அம்மா, "அந்தப் பேய்க்கு இன்னாமோ பேரு சொன்னியே?" என்று கேட்டார். எடி என்றேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் அம்மாவுக்கு என் ரசனையில் அக்கறை வந்துவிட்டதே என்று மனசு குளிர்ந்தது.

இன்று காலை கீழ்வீட்டுக் குழந்தைக்கு இட்லி ஊட்டும் சத்தம் கேட்டது. "வாயத் தொற கண்ணு. தொறக்கலன்னா எடி மாமாவக் கூப்ட்ருவேன்."