ஒன்றரை நிமிடம்

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 8-ஆம் பதிப்பு வெளிவந்தது 2015 ஏப்ரல் 25. மே மாதம் ஒரு சனிக்கிழமை இரவு எங்கள் பேக்கப் சர்வரை அதற்கு மாற்றினேன். எல்லாம் ஒழுங்காக முடிந்தது. ரீபூட் கொடுத்தேன். கறுப்புத் திரையில் சிவப்பு நட்சத்திரங்கள் இடமும் வலமுமாக அலைய ஆரம்பித்தன. ஏதோ ஒரு டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறதாம். பக்கத்தில் நொடிக்கணக்கு ஓடியது, 1 நிமிடம் 30 நொடி வரைக்கும். அது தீர்ந்ததும் எமர்ஜென்சி மோட் என்று சொல்லி ரூட் பாஸ்வேர்ட் கேட்டு நின்றுவிட்டது. வெளியிலிருந்து உள்ளே நுழைய வழியில்லை. நல்லவேளை, நான் சர்வர் அறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

காரணம் அற்பமானது. இரண்டு வருடத்துக்கு முன்பு யாரோ கழற்றிக்கொண்டு போன யுஎஸ்பி டிஸ்க் ஒன்றின் வரி, பூட் ஆகும்போது எந்தெந்த டிஸ்க்கை இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் அப்படியே கிடந்தது. பூட் ஆகும்போது மற்ற சேவைகளையெல்லாம் கிளப்பிவிடும் ப்ரோக்ராமுக்கு இனிட் என்று பெயர். பழைய இனிட் ஒவ்வொரு முறையும் ஒரு வரி முணுமுணுத்துவிட்டு மேலே போய்க்கொண்டிருந்தது. அதன் இடத்துக்குப் புதிதாக வந்த சிஸ்டம்டி அப்படி விடாது. ‘நோஃபெயில்’ என்று போடாத டிஸ்க் கட்டாயம் வேண்டும் என்றே அது எடுத்துக்கொள்ளும். வெளியீட்டுக் குறிப்பில் இதைத் தெளிவாக எழுதியிருந்தார்கள். நான்தான் அந்தப் பகுதியைப் படிக்கவில்லை.

திங்கட்கிழமை எங்கள் சீனியர் சிரித்தார். “பழையது ஒரு டிஸ்க்குக்காக மெஷினையே நிறுத்தாது தம்பி.”

“டிஸ்க் இல்லைங்கறதை ரெண்டு வருஷமா நம்மகிட்ட மறைச்சதும் அதுதான் அண்ணே” என்றேன். அப்போதைக்கு நல்ல பதிலாகத்தான் தோன்றியது.

எங்கள் இருவருக்கும் இந்தச் சண்டை 2013 கடைசியிலேயே ஆரம்பித்துவிட்டது. இயங்குதளத்தின் மையமான கர்னல் எழுந்ததும் முதலில் ஓட வேண்டிய, 1 என்ற எண் கொண்ட ப்ராசஸ், அதாவது இனிட், எதுவாக இருக்க வேண்டும் என்று டெபியனின் தொழில்நுட்பக் குழு விவாதித்துக்கொண்டிருந்த சமயம். லென்னார்ட் போட்டரிங் 2010-இல் அறிவித்த சிஸ்டம்டி ஒரு பக்கம், உபுண்டுவின் அப்ஸ்டார்ட் மறுபக்கம். அப்ஸ்டார்ட்டுக்கு நிரல் கொடுக்க வேண்டுமானால் உபுண்டுவை நடத்தும் கனோனிகல் நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும், அது பலருக்கு உறுத்தியது. குழுவில் எட்டுப் பேர், நாலுக்கு நாலு. கடைசியில் 2014 பிப்ரவரி 11 அன்று தலைவர் பிடேல் கார்பியின் தீர்மான வாக்கால் சிஸ்டம்டி வந்தது. மூன்றே நாளில், உபுண்டுவைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த் உபுண்டுவும் சிஸ்டம்டிக்கே மாறும் என்று சொல்லிவிட்டார்.

நான் சிஸ்டம்டி கட்சி. எத்தனை நொடியில் பூட் ஆகிறது பாருங்கள் என்று அண்ணனிடம் திரும்பத் திரும்பக் காட்டுவேன். எவ்வளவு அசட்டுத்தனம் என்று இப்போது தெரிகிறது. எங்கள் சர்வர்கள் வருடத்துக்கு ஒரு தடவை ரீபூட் ஆனால் அதிகம். அதிலும் பயாஸும் ரெய்ட் கார்டும் விழித்துக்கொள்ளவே ஐந்து நிமிடம் ஆகும். அவர் வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. “உடைஞ்சா நான் பிரிச்சுப் பார்க்கணும்” என்பார். பழைய இனிட் சேவைகளைக் கிளப்பப் பயன்படுத்திய இனிட்.டி ஸ்கிரிப்ட் எதுவானாலும் விஐ எடிட்டரில் திறந்து, நடுவில் திரையில் ஒரு வரி காட்டும் எக்கோ போட்டு, எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். அவருடைய இருபது வருட அனுபவம் முழுக்க அந்த ஸ்கிரிப்டுகளில்தான் இருந்தது. “க்நோம் டெஸ்க்டாப்புக்கு சிஸ்டம்டி வேணும்னா என் சர்வரை ஏன் மாத்தணும்?” என்றும் கேட்டார். அதற்கு என்னிடம் அன்றும் ஒழுங்கான பதில் இல்லை.

என் பக்கம் ஒரு நல்ல வாதம் இருந்தது, அதை நான் சரியாகச் சொல்லவே இல்லை. எங்கள் அப்ளிகேஷன் ஒன்று அடிக்கடி செத்துப்போகும், ஆனால் அதன் ப்ராசஸ் எண்ணைக் குறித்துவைத்த பிஐடி கோப்பு அங்கேயே கிடக்கும். ஸ்கிரிப்ட் அதைப் பார்த்து ‘ஏற்கெனவே ஓடுகிறது’ என்று சாதிக்கும். ஒரு தடவை அந்த எண் வேறு ப்ராசஸுக்குப் போயிருக்க, ஸ்டாப் கொடுத்ததும் சம்பந்தமில்லாத ஒன்று செத்தது. சிஸ்டம்டி ஒவ்வொரு சேவையின் ப்ராசஸ்களையும் கர்னலின் சிகுரூப் என்ற குழுக்களில் தனித்தனியாகக் கட்டிவைக்கிறது. எது யாருடைய பிள்ளை என்ற குழப்பமே வராது.

சிஸ்டம்டி லாகைச் சாதாரண எழுத்தாக இல்லாமல் பைனரியாக வைப்பதைப் பற்றியும் நிறையக் கத்தினோம். வேடிக்கை என்னவென்றால், டெபியன் 8-இல் லாகை எழுத்தாகவே எழுதும் பழைய ஆர்சிஸ்லாகும் கூடவே இருந்தது. கிரெப் போட்டுத் தேட எல்லாம் அதே இடத்தில் கிடைத்தது. அந்தச் சண்டையே வீண்.

எனக்கு உண்மையிலேயே சங்கடமாக இருந்தது 2014 நவம்பர். இனிட் விஷயத்தில் மறுபடியும் வாக்கெடுப்பு நடந்தது, இந்த முறை டெபியன் டெவலப்பர்கள் எல்லோருக்குமான பொது வாக்கெடுப்பு. ‘இதற்குத் தீர்மானமே தேவையில்லை’ என்ற தெரிவுதான் வென்றது. அதே மாதத்தில் அப்ஸ்டார்ட் பக்கம் நின்ற இயன் ஜாக்சனும், சிஸ்டம்டி பக்கம் நின்ற ரஸ் ஆல்பெரியும் குழுவை விட்டு விலகினார்கள். டெபியன் முடிவெடுக்கும் முறையே வெறுத்துப்போய், டெபியன் பேக்கேஜ்கள் கட்ட உதவும் டெப்ஹெல்பரை எழுதிய ஜோயி ஹெஸ் டெபியனையே விட்டுப் போனார். சிஸ்டம்டி வேண்டாதவர்கள் டெவுவான் என்று தனியாகப் பிரிந்தார்கள். சம்பளமில்லாமல் வேலை செய்கிறவர்கள் அவர்கள். ஜெயித்தவரும் தோற்றவரும் ஒரே நேரத்தில் களைத்துப் போனதை நான் என் கட்சியின் வெற்றியாக அலுவலகத்தில் கொண்டாடியிருந்தேன்.

அண்ணனின் ஸ்கிரிப்டுகளில் பெரும்பாலானவற்றை அந்த வருடம் சிஸ்டம்டியின் யூனிட் கோப்புகளாக மாற்றினேன். எண்பது வரி, பத்து வரியானது. ஒன்றை மட்டும் தொடவில்லை. பில்லிங் சேவையின் ஸ்கிரிப்ட் அது, உள்ளே அவருக்கு மட்டுமே புரியும் ஏதேதோ வித்தைகள். சிஸ்டம்டி அப்போது பழைய ஸ்கிரிப்டையும் ஏற்று ஓட்டியதால் அப்படியே விட்டேன். ஒருநாள் என் தோளுக்குப் பின்னால் நின்று ஸ்டேட்டஸ் பார்த்தார். முதல் வரியில் பழைய ஸ்கிரிப்ட் என்பதற்கு அடையாளமாக ‘எல்எஸ்பி’ என்ற எழுத்துகள், அதன் பின் அவர் என்றைக்கோ தலைப்பில் எழுதிவைத்த விளக்கம்.

“என்னோடதையும் இதுதான் ஓட்டுதா?”

“ஆமாண்ணே.”

கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். “அதுல ஒரு ஸ்பெல்லிங் தப்பு இருக்கு. திருத்திடு” என்று சொல்லிவிட்டுப் போனார்.