ரிங் ஃப்ரேமுக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜை முடிஞ்சு ரெண்டு நாள் ஆச்சு. எங்க நூல் மில்லுல ஏழாம் நம்பர் ரிங் ஃப்ரேமோட, அதாவது நூல் நூக்கிற மெஷினோட, இடது பக்கம் இன்னும் வழிக்கு வரலை. காரணம் யாருன்னு மில்லுல மூணு பேருக்குத்தான் தெரியும். எங்க அத்தைக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

"அந்த மில்லுக்குள்ள அப்படி என்னதானுங்க பண்றீங்க, ஒரு நாளைக்குக் காட்டுங்க"ன்னு வீட்டுல பதினோரு வருஷமா கேட்டுட்டு இருந்தாங்க. வருஷத்துல ஒரே ஒரு நாள்தான் குடும்பத்துக்கு கேட் திறக்கும். மெஷின் நின்னிருக்கும், சுத்தம் பண்ணி, வாழைக்கன்னு கட்டி, சந்தனம் குங்குமம் வெச்சிருக்கும். ஓடுற நாள்ல வந்தா சேலைத் தலைப்பைச் சொருகி, முடியைத் தொப்பிக்குள்ள திணிச்சு, வாயில துணி கட்டித்தான் உள்ளே விடணும். பேசுறதும் கேட்காது. நின்ன மில்லைப் பார்த்ததும் எங்க வீட்டம்மா சொன்ன முதல் வார்த்தை: "இவ்வளவு அமைதியான இடத்துல வேலை பார்த்துட்டு, வீட்டுல ஏனுங்க அப்படிக் கத்துறீங்க?"

பஞ்சை உதறிச் சுத்தம் பண்ற ப்ளோ ரூம், சிக்கெடுக்கிற கார்டிங் ரெண்டையும் அத்தை அஞ்சு நிமிஷத்துல முடிச்சிட்டாங்க. "மெத்தைக் கடையாட்டந்தான் இருக்குது." வேஸ்ட் எடை எழுதுற கரும்பலகைக்கு முன்னாடிதான் நின்னாங்க. அதுல 'போண்டா – 9 கிலோ'ன்னு இருந்துச்சு.

"ஒம்பது கிலோவா? ஒரு ஷிப்ட்டுக்கா?"

திரும்பி மகளைப் பார்த்த பார்வையிலேயே, டிபன் பாக்ஸ் ஏன் பாதியோட திரும்பி வருதுங்கிற பழைய வழக்குக்குத் தீர்ப்பு எழுதியாச்சு. அது ரோலருக்கு அடியில கிளியரர் உருளையில சுருண்டு சேர்ற பஞ்சு உருண்டை, மறுபடி பஞ்சு கலக்குற மிக்ஸிங்குல போடறதுன்னு விளக்கினேன். நம்பின மாதிரி தெரியலை.

அப்புறம் ரிங் ஃப்ரேம். ஒரு ஃப்ரேமுக்கு 1,200 ஸ்பிண்டில், அதாவது நூலை முறுக்கிச் சுத்திக்கிற கதிர். ஒவ்வொண்ணும் நிமிஷத்துக்கு 18,000 சுத்து. 40-ஆம் நம்பர் நூல்னா எட்டு மணி நேரத்துக்கு ஒரு ஸ்பிண்டில் கொடுக்கிறது 140 கிராம் சுமார். அத்தைக்குச் சிரிப்பு. "இத்தனை கரண்டைத் தின்னுபோட்டு நூத்தி நாப்பது கிராமா? எங்க ஆயா ராட்டையிலயே நூத்திருக்கும்." 840 கெஜ நூல் ஒரு சிட்டம், அப்படி 40 சிட்டம் சேர்ந்தாத்தான் ஒரு பவுண்டு நூல், அந்தக் கணக்குல 140 கிராம்னா ஒம்பதரை கிலோமீட்டர்னு சொன்னேன். அதுக்கப்புறம்தான் மெஷினுக்கு ஒரு மரியாதை வந்துச்சு. வந்த மரியாதைதான் வினை.

எலக்ட்ரீஷியன்கிட்ட நான் பேசிட்டு இருந்த நேரத்துல, அத்தை சந்தன, குங்குமக் கிண்ணத்தோட மெஷினோட கியர் இருக்கிற முனையில ஆரம்பிச்சு வரிசையா பொட்டு வெச்சுட்டே போயிருக்காங்க. பூஜை பண்ணின பசங்க தலைமாட்டுல, பேனல்ல, மோட்டார் மூடியில மட்டும் வெச்சிருந்தது அவங்களுக்கு ஓரவஞ்சனையா பட்டிருக்கு. பெரிய லீவுன்னா காட்ஸ்ல, அதாவது பஞ்சை இழுக்கிற மேல் ரோலரோட ரப்பர் உறையில, அமுங்கின தடம் விழக்கூடாதுன்னு, அதை அழுத்திப் பிடிக்கிற டாப் ஆர்ம் அழுத்தத்தை எடுத்து விடுவோம். அங்கங்க ஆர்மைத் தூக்கியும் வெச்சிருந்தாங்க. தூக்கி வெச்சா ரப்பர் காட்ஸ் மழமழன்னு கண்ணு முன்னாடி நிக்கும். பொட்டு வைக்க அதைவிடத் தோதான நெத்தி எங்கேயும் கிடைக்காது. 40 ஆர்ம், ஆர்முக்கு ரெண்டுன்னு 80 நெத்தி.

பூஜை முடிஞ்சதும் சம்பிரதாயத்துக்கு அஞ்சு நிமிஷம் மெஷினை ஓட்டுவாங்க. ஓட்டினதும் அந்தப் பக்கம் மட்டும் படபடன்னு நூல் அறுந்துச்சு. முதல்ல ஈரப்பதம்னுதான் நினைச்சோம். காத்துக்கு ஈரம் கொடுக்கிற ஹெச்-பிளாண்டைக் காலையிலிருந்து போடலை. 55, 60 சதவீதம் இருக்க வேண்டிய இடத்துல காத்து காய்ஞ்சு கிடந்தா பஞ்சுல மின்னேற்றம் வந்து ரோலர்ல ஒட்டத்தான் செய்யும். ஆனா அது எல்லாப் பக்கமும் அறணும். 80 ஸ்பிண்டில் மட்டும் வரிசையா அறுந்தா ஹெச்-பிளாண்டைத் திட்டிப் பிரயோஜனமில்லை. கிட்டப் போய்ப் பார்த்தா, காட்ஸ் மேல வெள்ளைப் பஞ்சு வளையமா சுத்தி, நடுவுல சிவப்பு. இப்படிப் பஞ்சு சுத்திக்கிறதுக்குப் பேர் லேப்பிங்.

லேப்பிங் விழுந்தா பித்தளைக் கொக்கியாலதான் எடுக்கணும். அவசரத்துல ஒருத்தன் பிளேடு போட்டுட்டான். 30 மில்லிமீட்டர் காட்ஸ்ல ஒரு கீறல் விழுந்தா, ரோலர் சுத்துற ஒவ்வொரு சுத்துக்கும், அதாவது 9 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலா ஒரு தடவை, நூல்ல அதே இடத்துல அதே குறை வரும். கீறினதை எல்லாம் கழட்டி, மேல் பரப்பைத் தேய்ச்சு எடுக்கிற பஃபிங்குக்கு அனுப்பியாச்சு. மிச்சத்தைக் கழுவித் துடைச்சுப் போட்டோம். தப்பிப் போன காப்பு, அதாவது ஸ்பிண்டில்ல நூல் சுத்தின குழல், கொஞ்சம் அதைக் கோனா சுத்துற ஆட்டோ கோனருக்குப் போயிருக்கு. அங்கே நூலைக் கண்காணிக்கிற சென்சாருக்கும் பேர் கிளியரர்தான்; அது கலர் நூலோ முடியோ சாக்கு இழையோ கண்ணுல பட்டா வெட்டித் தள்ளும். குங்குமம்னு அதுக்குத் தெரியுமா? வெட்டு மேல வெட்டு. மங்களகரமா அலாரம் லைட்டும் சிவப்புதான்.

இந்தக் களேபரத்துக்கு நடுவுல வீட்டம்மா ஒரு பழைய சந்தேகத்தைத் தீர்த்துக்கிட்டாங்க. என் சட்டைப் பையிலயும் வாஷிங் மெஷின் வடிகட்டியிலயும் அடிக்கடி குட்டியா ஒரு கம்பி வளைவு கிடைக்கும். பார்த்தா ஜாக்கெட் கொக்கி உடைஞ்ச துண்டாட்டம் இருக்கும். எவ கொக்கின்னு நேரா கேட்டதில்லை; கேட்காம இருந்த விதத்துலயே கேட்டிருக்காங்க. ஸ்பிண்டிலைச் சுத்தி இருக்கிற ரிங்குல மாட்டியிருந்த டிராவலரைக் காட்டினேன். நூலைக் கோத்துட்டு ரிங் மேல சுத்துற கம்பிக் கொக்கி அது. எடை 25 மில்லிகிராம் சுமார், 38 மில்லிமீட்டர் ரிங்கைச் சுத்தி மணிக்கு 125 கிலோமீட்டருக்கு மேல ஓட்டம். ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது, நசுங்குற பஞ்சுத் துகள்தான் எண்ணெய். ரெண்டு வாரத்துல தேஞ்சிடும். 1,200-ஐயும் கழட்டி மாட்டும்போது நாலு தெறிச்சு சட்டைப் பைக்குள்ள விழாதா?

ஒண்ணை உள்ளங்கையில வெச்சு ரொம்ப நேரம் பார்த்தாங்க. ஒண்ணும் சொல்லலை. நேத்து ராத்திரி மேஜை மேல ஒரு பல்பொடி டப்பா இருந்துச்சு. உள்ளே பதினோரு வருஷத்து டிராவலர், துருப்பிடிக்காம. "அறுபத்தி மூணு இருக்குது. ஸ்டோர்ஸ்ல கணக்குக் கேக்க மாட்டாங்களா?" தேஞ்சது, குப்பைன்னு சொன்னேன். டப்பா மறுபடி அலமாரிக்கே போயிடுச்சு.

காலையில அத்தை போன் பண்ணாங்க.

"ஏனுங் மாப்பிள்ளை, நான் பொட்டு வெச்ச மெஷின் நல்லா ஓடுதுங்களா?"

"எல்லா மெஷின்லயும் அதுதானுங்க அத்தை தனியா தெரியுது."

"அடுத்த வருசம் முழுசுக்கும் வெச்சிரலாம். அன்னைக்கு நேரம் பத்துல."