கண்ணாடியில் ஒட்டிய கட்டங்கள்

படங்களைக் கணினிக்குப் புரியவைக்கும் கணினிப் பார்வை ஆய்வில் சேர்ந்த புதிதில் எனக்குக் கிடைத்த வேலை இது: இரண்டு கேமராக்களைப் பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் பொருத்தி, எதிரே இருக்கும் பொருள் இரு படங்களிலும் எத்தனை பிக்சல் இடம் மாறித் தெரிகிறது என்பதை வைத்து அதன் தூரத்தைக் கணக்கிட வேண்டும். அதற்கு முதலில் கேமராவை அளவுத்திருத்தம் செய்தாக வேண்டும். லென்ஸின் குவியத்தூரம் எத்தனை பிக்சல், படத்தின் ஓரத்தில் நேர்க்கோடு எவ்வளவு வளைகிறது என்றெல்லாம் தெரியாமல் தூரத்தைப் பற்றிப் பேசவே முடியாது.

கணினிப் பார்வை ஆய்வாளர் செங்யூ ஜாங் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையின் வழிதான் இன்றும் பலருக்குக் கைகொடுக்கிறது. சதுரங்கக் கட்டங்களை அச்சிட்டுத் தட்டையான பரப்பில் ஒட்டி, வெவ்வேறு கோணங்களில் படம் எடுத்தால் போதும். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். எத்தனை எளிய, அழகான யோசனை! 'தட்டையான' என்ற சொல்லைத்தான் நான் நின்று படிக்கவில்லை.

தாளை அட்டையில் ஒட்டி இருபது படங்கள் எடுத்தேன். கணக்கு சொல்லும் கட்ட மூலைக்கும் படத்தில் தெரியும் மூலைக்கும் சராசரி விலகல் 0.2 பிக்சல். பூரித்துப்போனேன். ஆனால் டேப் வைத்து 5 மீட்டர் அளந்து நிறுத்திய பெட்டி, கணக்கில் 5.4 மீட்டரில் நின்றது. எங்கள் குவியத்தூரம் ஏறத்தாழ 1000 பிக்சல். இரு படங்களுக்கிடையே அந்த இடமாற்றம் அரை பிக்சல் பிசகினாலே 5 மீட்டரில் 12 சென்டிமீட்டருக்கு மேல் தவறும், 10 மீட்டரில் அரை மீட்டர் தவறும். மூன்று வாரம் நிரலைக் குடைந்தேன்.

கடைசியில் அட்டையை எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதைக் கண்ணுக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடி, விளிம்போடு பார்த்தார். "நடுவில் எழும்பியிருக்கிறது, தம்பி" என்றார். இரும்பு அடிகோலை மேலே வைத்தார். இரு முனைகளிலும் வெளிச்சம் கீற்றாகத் தெரிந்தது. மழைக்கால ஈரம் செய்த வேலை. ஆறு மில்லிமீட்டர் கண்ணாடி ஒன்றை அறுத்துக் கொடுத்தார்.

பிழை குறைந்தது, தீரவில்லை. பிறகுதான் என் படங்களையே ஒழுங்காகப் பார்த்தேன். இருபதிலும் பலகை நடுவில், கேமராவுக்கு நேர் எதிரே. ஒன்றுக்கொன்று இணையான நிலைகளில் எத்தனை படம் எடுத்தாலும் குவியத்தூரத்தைப் பற்றி அவை புதிதாக எதையும் சொல்வதில்லை. ஓரங்களில் ஒரு கட்டம்கூட விழாததால், அங்கே வளைவு வெறும் ஊகம்.

பலகையை நன்றாகச் சாய்த்து, படத்தின் நான்கு மூலைகளுக்கும் கொண்டுபோய் மறுபடி எடுத்தேன். சராசரி விலகல் 0.35-ஆகக் கூடியது. பெட்டியோ 5.04 மீட்டருக்கு வந்து சேர்ந்தது.

இப்போது யாராவது 0.1 பிக்சல் என்று மகிழ்ச்சியோடு வந்தால், முதலில் அவர்கள் எடுத்த படங்களைத்தான் கேட்கிறேன். அந்தக் கண்ணாடி இன்னும் என் மேசைக்குப் பின்னால், போர்வையில் சுற்றி நிற்கிறது.