ட்ரெட்மில்லில் நான் கேட்பது காலடிச் சத்தம்

முட்டி ஜவ்வு ஆபரேஷன் முடிந்து எங்கள் பிசியோதெரபி பிரிவுக்கு வருகிறவர்களில் கபடி ஆடும் பையன்கள் நிறைய. ஊன்றுகோலை விட்டதுமே அவர்கள் கண் ட்ரெட்மில் பக்கம் போய்விடும். ஏறியதும் வரும் முதல் கேள்வி, "எவ்வளவு ஸ்பீடு வைக்கலாம் சார்?"

ஏற்றுவதற்கு முன்பே படுக்கவைத்துப் பார்த்துவிடுவேன். வீக்கம் வற்றியிருக்க வேண்டும். இரண்டு முட்டியும் ஒரே அளவுக்கு நீள வேண்டும். காலைத் தூக்கும்போது முட்டி தொய்யக் கூடாது. இதில் ஒன்று குறைந்தாலும் பெல்ட்டில் நடந்து நொண்டலைத்தான் பழகுவார்கள்.

ஆரம்பத்தில் மணிக்கு 1.5 முதல் 2 கிலோமீட்டர், ஐந்து நிமிடம். அது போதும். எதிரே கண்ணாடி இருக்கும்; நான் பக்கத்தில் நின்று சத்தத்தைக் கேட்பேன். நல்ல கால் நிதானமாக விழும். ஆபரேஷன் ஆன கால் 'தப்'பென்று தட்டிவிட்டு ஓடும். குதிகால் முதலில் படாமல் முழுப் பாதமும் ஒரேயடியாக விழுவதால் வரும் சத்தம் அது; முட்டியை நீட்டப் பயம். கைப்பிடியை இறுகப் பிடித்தால் உடம்பின் எடை கைக்குப் போய், சத்தம் சரியானதுபோல் ஏமாற்றும். அதனால் விரல் நுனியால் தொட மட்டும்தான் விடுவேன்.

ஒரு தம்பிக்குக் கோபமே வந்துவிட்டது. "வலியே இல்ல சார், ஏன் ஓட விட மாட்டேங்கறீங்க?" நியாயமான கேள்விதான். அவன் தொடையின் பின்பக்கத்து நாரை எடுத்துத்தான் புது ஜவ்வாக வைத்திருக்கிறார்கள். அது உள்ளே உயிர்பிடித்து உறுதியாக மாதக்கணக்கில் ஆகும். ஏறத்தாழ 6 முதல் 12 வாரம் வரை அது ரொம்பவும் பலவீனமாக இருக்கும். வலி விட்டுப்போவதும் அநேகமாக அதே சமயத்தில்தான். எனக்குப் பயம் தருகிற வாரங்கள் அவை.

அவனைப் பின்னோக்கி நடக்க வைத்தேன். இருப்பதிலேயே குறைந்த வேகம், கை கைப்பிடியில், நான் பின்னால். முன்பாதம் முதலில் பட்டு முட்டி நீளும்போது, முட்டிக்கு மேலே உள்பக்கம் சூம்பிக் கிடந்த தசை துடித்து எழுந்ததை அவனே குனிந்து பார்த்தான். அதன்பிறகு வாதாடவில்லை.

முட்டிக்குள் மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பான மெனிஸ்கஸையும் சேர்த்துத் தைத்திருந்தால் கணக்கே வேறு. அங்கே ஆபரேஷன் செய்த டாக்டர் எழுதிக் கொடுத்ததுதான் முடிவு.

இப்போது அந்தத் தம்பி கைப்பிடி தொடாமல் 5 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறான். ஒற்றைக்காலில் பாதி உட்கார்ந்து எழும்போது முட்டி உள்பக்கம் சாயாமல் நின்றால் மெதுவோட்டம் தொடங்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். கபடிக் களத்துக்கு 9 மாதமாவது ஆக வேண்டும். அதற்குள் இந்தக் காலின் பலம் மற்ற காலில் 90 சதவீதத்தையாவது எட்ட வேண்டும்.