கல்லூரி நூலகத்தில் ஸ்டாக் வெரிஃபிகேஷன்: கோஹா நூலக மென்பொருளில் செய்து முடித்த விதம்

தேர்வு முடிந்து மாணவர்கள் ‘நோ டியூ’ வாங்கிப் போன பிறகு, ஜூனில் வகுப்பு தொடங்கும் வரை உள்ள வாரங்கள்தான், பதிவில் உள்ள புத்தகங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று சரிபார்க்கும் இந்த வேலைக்கு ஏற்றவை. இரவலில் புத்தகம் அப்போதுதான் குறைவாக இருக்கும். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, விதி 215-இன்படி 20,000 புத்தகம் வரை ஆண்டுதோறும் முழுச் சரிபார்ப்பு; 50,000 வரை மூன்றாண்டுக்கு ஒரு முறையாவது; அதற்கு மேல் மாதிரிச் சரிபார்ப்பு. உங்கள் மாநிலத்தில் தனி ஆணை இருந்தால் அதுவே செல்லும்.

இருவர் ஓர் அணி. ஒருவர் புத்தகத்தை எடுத்துக் கொடுக்க, மற்றவர் பார்கோடை ஸ்கேன் செய்வார். எண்கள் நோட்பேடில், வரிக்கு ஒன்றாக விழட்டும். எக்செல் வேண்டவே வேண்டாம். 004512 என்ற எண்ணை அது 4512 ஆக்கிவிடும். கோஹா அப்படியொரு புத்தகமே இல்லை என்று சொல்லும். ரேக்குக்கு ஒரு கோப்பு என்று வைத்து, கோப்பின் பெயரில் ரேக் எண்ணைச் சேருங்கள். எல்லாவற்றையும் ஒரே கோப்பில் ஏற்றினால் பக்கம் பாதியில் நின்றுவிடலாம்.

பைண்டிங்குக்குப் போய்வந்த புத்தகங்களில்தான் சிக்கல் அதிகம். பழைய அட்டையோடு பார்கோடு லேபிளும் போயிருக்கும். ரகசியப் பக்கத்தில் (எண்ணை எழுதிவைக்க நூலகம் தேர்ந்தெடுத்த குறிப்பிட்ட உள்பக்கம்) உள்ள அக்சஷன் நம்பரை (ஒவ்வொரு பிரதிக்கும் நூலகம் தரும் பதிவு எண்) பார்த்துக் கையால் தட்டச்சு செய்ய வேண்டும். அங்கும் இல்லையென்றால் தனியே அடுக்கிவைத்து, அக்சஷன் ரிஜிஸ்டரில் நூலாசிரியர், பதிப்பாண்டு, விலை மூன்றையும் ஒப்பிட்டுத் தேடுங்கள். தலைப்பை மட்டும் நம்பினால் இன்னொரு பிரதியின் எண் ஒட்டப்பட்டுவிடும்.

‘இன்வென்டரி’ பக்கத்தில் கோப்புகளை ஒவ்வொன்றாக ஏற்றும்போது ஒப்பிடும் வசதியைத் தேர்வு செய்யாதீர்கள். வடிகட்டி எதுவும் வைக்காமல் அதைத் தேர்ந்தெடுத்தால், அந்த ரேக்கில் இல்லாத எல்லாப் புத்தகமும் காணாமல் போனதாகப் பட்டியல் வரும். கடைசிக் கோப்பும் ஏறிய பின், பணி தொடங்கிய தேதியைக் கொடுத்து, இரவலில் உள்ளவற்றைத் தவிர்த்து, அதன்பின் கண்ணில் படாதவற்றை எடுங்கள். இரவலில் இருப்பதாகப் பதிவான புத்தகம் ரேக்கில் கிடைத்தால், கவுன்ட்டரில் திரும்பப் பெற்றதைப் பதிய விட்டுப்போயிருக்கிறது.

முதல் பட்டியலின் நீளத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். துறை நூலகம், பைண்டிங் கட்டு, ஆசிரியர் அறை, பக்கத்து ரேக் என்று தேடினால் கணிசமாகக் குறையும். அதன் பிறகே ‘தொலைந்தது’ என்று குறிக்க வேண்டும். பதிவை அழிக்கக் கூடாது. நூலகக் குழுவின் ஒப்புதலும் நீக்க ஆணையும் வரும்வரை அது இருந்தே ஆக வேண்டும்.

இழப்புக் கணக்கில் பலரும் தவறுவது வகுக்கும் எண்ணில்தான். ஓராண்டில் இரவல் கொடுத்த, நூலகத்திலேயே எடுத்துப் பார்த்த புத்தகங்களில் ஆயிரத்துக்கு ஐந்து என்பதே அதே விதி 215 ஏற்கும் இழப்பு. மொத்த இருப்பில் அல்ல. அந்தப் பயன்பாடு 12,000 என்றால் 60 வரை ஏற்கலாம், நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணமாக இல்லாதவரை. 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட புத்தகமும், விலை எதுவானாலும் அரிய நூலும் தொலைந்தால் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

நூலகத்துக்குள் படித்ததைப் பதியாவிட்டால் இந்த 12,000 பாதியாகக்கூடச் சுருங்கலாம். கோஹாவில் ‘ரெக்கார்டு லோக்கல் யூஸ் ஆன் ரிட்டர்ன்’ என்ற அமைப்பை இயக்கிவிட்டு, மேசையில் விட்டுச்சென்ற புத்தகங்களை ரேக்கில் வைக்கும்முன் ஒரு முறை ‘செக்-இன்’ செய்தால் போதும். கேட் ரிஜிஸ்டர் எத்தனை பேர் வந்தார்கள் என்பதைத்தான் காட்டும். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் ‘நாக்’ அமைப்பின் மதிப்பீட்டுக்கு அது தேவைதான், ஆனால் எதை வாங்குவது என்று அதை வைத்துத் தீர்மானிக்க முடியாது.

கொள்முதல் திட்டத்துக்கு நாங்கள் நம்புவது வகுப்பெண் (நூலின் பாடத்தைக் குறிக்கும் டியூயி எண்) வாரியான விகிதம்; பயன்பாட்டுச் சதவீதத்தை இருப்புச் சதவீதத்தால் வகுத்தால் வருவது அது. 657 கணக்குப் பதிவியல் இருப்பில் 5 சதவீதம், பயன்பாட்டில் 15 சதவீதம் என்றால் விகிதம் 3. அங்கே பிரதிகள் போதவில்லை. 894.811 தமிழ் இலக்கியத்தில் விகிதம் ஒன்றுக்குக் கீழே வந்தாலும் உடனே கொள்முதலை வெட்டாதீர்கள். தொகுதி தொகுதியாக வாங்கிய நூல்கள் இருப்பைப் பெருக்கிக் காட்டும். ரெஃபரன்ஸ் பிரதிகள் இரவலுக்கே போகாது. இரண்டையும் விலக்கிவிட்டு மறுபடி கணக்கிட்டு, அந்தத் தாளைத் துறைத் தலைவர்களிடம் கொடுத்தபின் புத்தகப் பரிந்துரை கேளுங்கள்.