யன்னலுக்கு வெளியே பண்ணைக் கடல்

கணினி விளையாட்டுகள் செய்கிற கொடோ எஞ்சின் என்ற மென்பொருளில் ஒரு சின்ன அறை செய்துகொண்டிருக்கிறேன். அம்மம்மா வீட்டு முன்னறை மாதிரி சிவப்புச் சீமெந்து நிலம், இரண்டு மரக் கதிரை, கம்பி வைத்த மூன்று பெரிய யன்னல். அறை ஒரு கிழமையில் முடிந்தது, யன்னலுக்கு வெளியே தெரிகிற காட்சிதான் இரண்டு மாதத்தைத் தின்றுவிட்டது. உண்மையில் அந்த யன்னலைத் திறந்தால் பக்கத்து வளவு வேலிதான் தெரியும். அதை வைக்க மனமில்லாமல் யாழ்ப்பாணக் கோட்டை மதில்மேலிருந்து தெரிகிற கடலை வைக்க ஆசைப்பட்டேன்.

சுற்றிவரப் பல படம் எடுத்து ஒன்றாக ஒட்டுவதுதான் திட்டம். எடுத்தது போனில்தான், பின்னேரம் 4.30 போல. முதல் நாள் நின்ற இடத்திலேயே சுழன்று எடுத்தவை ஒட்டவே இல்லை, கிட்ட இருந்த கற்கள் இரண்டிரண்டாக வந்தன. நான் சுழன்றால் லென்ஸ் என்னைச் சுற்றி வட்டம் போடும். லென்ஸ் ஒரே இடத்தில் நிற்க, நான்தான் அதைச் சுற்றி நகரவேண்டும். அடுத்த நாள் போனில் நூல் கட்டி, நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிட்டு, அது நிலத்தில் வைத்த சோடா மூடிக்கு நேரே நிற்கும்படி பார்த்துப் பார்த்து எடுத்தேன் (உலாத்த வந்த சனம் என்ன நினைத்ததோ). படங்களை ஒட்டுகிற ஹகின் மென்பொருளில் ஒட்டியதும் 8192க்கு 4096 புள்ளி அளவில் ஒரே படம் வந்தது. அகலம் 360 பாகை, உயரம் 180.

அதை 20 மீட்டர் ஆரமுள்ள கோளத்தின் உட்புறத்தில் ஒட்டி அறையை நடுவில் வைத்தேன். வடிவாகத்தான் இருந்தது. தம்பி வந்து பார்த்துவிட்டு, "பண்ணைப் பாலம் எப்ப அண்ணா குருநகர்ப் பக்கம் போனது?" என்றான். கடலைப் பார்த்து நின்றால் பாலம் வலப் பக்கம் வரவேண்டும். வெளியிலிருந்து பார்க்க ஒட்டிய படத்தை உள்ளிருந்து பார்த்தால் இடம் வலம் மாறும் என்பது நாலு நாளாக என் கண்ணில் படவில்லை.

சரி, அதைத் திருப்பிவிட்டு அறைக்குள் நடந்தேன். யன்னலுக்குக் கிட்டப் போகப் போகக் கடல் பெருத்தது, குனிந்தால் அடிவானம் மேலே ஏறியது. அடிவானம் எப்போதும் கண்மட்டத்தில்தானே நிற்கும்! அதனால் கோளத்தைக் கமெராவோடு (அறைக்குள் பார்ப்பவரின் கண் அது) சேர்ந்து நகரவிட்டேன். கமெராவின் திருப்பம் மட்டும் படத்தில் தெரியும், இடப்பெயர்ச்சி தெரியாது. கடலும் மண்டைதீவும் சரியாகின, ஆனால் காலடி மதில் கற்களும் பேய் மாதிரிக் கூடவே வந்தன. 3 மீட்டர் பக்கவாட்டில் நடந்தால் 300 மீட்டரில் நிற்கிற படகு அரைப் பாகைதான் விலகும், அந்த விலகல் இல்லாவிட்டாலும் யாரும் கவனிக்கமாட்டார்கள். 5 மீட்டரில் உள்ள கல் 30 பாகைக்கு மேல் விலகவேண்டும். கடைசியில் கற்களைப் படத்திலிருந்து அழித்துவிட்டு, மதிலை மட்டும் உண்மையான முப்பரிமாண மொடலாகச் செய்து வைத்தேன். நான் செய்ததில் இதுதான் உருப்படியான வேலை.

அப்புறம் ஒரு யன்னலில் மேலிருந்து கீழாக மெல்லிய கோடு. படத்தின் இரு ஓரமும் சந்திக்கிற இடத்தில் படத்தில் எந்த இடம் என்று சொல்கிற எண் 1இலிருந்து 0க்குத் தாவுகிறது, கிராஃபிக்ஸ் கார்ட் முழுப் படமும் ஒரு புள்ளிக்குள் அடங்கிவிட்டதென்று நினைத்து ஆகச் சிறிய மிப்மாப்பை (தூரத்துக்கென்று சுருக்கி வைத்த பிரதியை) எடுத்துவிடுகிறது. மிப்மாப்பை நிறுத்தினால் கோடு போனது, தூரத்துப் பனை வட்டுகள் மினுமினுக்கத் தொடங்கின. கோளத்துக்குப் பதில் பெட்டி மாதிரி ஆறு முகமுள்ள படமான கியூப்மாப்புக்கு மாறினேன். முகத்துக்கு 2048க்கு 2048 புள்ளி, அடிவானத்தில் சராசரியாக அதே கூர்மை, மொத்தப் புள்ளிகள் முக்கால்வாசிதான், ஏனென்றால் பழைய படத்தில் மேலும் கீழும் வீணாக இழுபட்டுக் கிடந்தன.

அப்போதும் கலண்டர் படம் மாதிரியே இருந்தது. வெளியை மூன்று மடங்கு வெளிச்சமாக்கி, அறையை இருட்டாக்கி, படத்தில் சூரியன் நிற்கிற திசையிலிருந்தே ஒளியை விட்டேன். கம்பி நிழல் சிவப்பு நிலத்தில் விழுந்ததும் தம்பி பேசாமல் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டான்.

தண்ணீர் இன்னும் அசையவில்லை. ஷேடரில் (படப் புள்ளிகளை மாற்றுகிற சின்ன நிரலில்) அலை விட்டுப் பார்த்தேன், மீன்பிடிக்கக் கடலில் நட்ட சிறகுவலைக் கம்புகளும் சேர்ந்து ஆடின. இப்போது அவற்றை ஒவ்வொன்றாகக் கையால் வெட்டிப் பிரித்துக்கொண்டிருக்கிறேன், குருநகர்ப் பக்கம் மட்டும் முடிந்திருக்கிறது.