பெக்கோ ஹோஸ் போட்ட கொரோலா

கார் 1997ஆம் வருட கொரோலா 110. அப்பா ஓட்டி ஓட்டி, கடைசியில் "இனி நீயே பார்த்துக்க" என்று சாவியைத் தந்தது. 2020இல் வாகன இறக்குமதி நின்றதும் இந்த மாதிரிப் பழைய கார்களுக்கு விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்து, விற்றுவிடலாமா என்று வீட்டில் ஒரு பேச்சு வந்தது. 2025 பெப்ரவரியில் இறக்குமதியைத் திரும்பத் திறந்தார்கள். வரியையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோது விற்கும் பேச்சு தானாக அடங்கிவிட்டது.

தொல்லை தொடங்கியது சிவனொளிபாதமலை சீசனில். ஒரு போயா விடுமுறையில் மாமா குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஹட்டனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போனோம். வழியெல்லாம் வான், பஸ். நடந்து போயிருந்தால் முந்தியிருக்கலாம். நல்லதண்ணியில் காரை நிறுத்த ஓர் இடுக்குத்தான் கிடைத்தது. முன்னுக்கு, பின்னுக்கு, ஸ்டீயரிங் முழு ஒடிப்பு இடம், முழு ஒடிப்பு வலம் என்று பத்துப் பதினைந்து தடவை மல்லுக்கட்டியபோது பொனட்டுக்குள்ளிருந்து கன்றைப் பிரிந்த மாடு மாதிரி ஒரு முனகல். ஸ்டீயரிங்கும் கல்லாகக் கனத்தது. பொனட்டைத் திறந்தால், சிவப்பாக இருக்க வேண்டிய பவர் ஸ்டீயரிங் ஒயில் பிளேன்டி நிறத்துக்கு வந்து மேலே நுரை கட்டியிருந்தது. கருகல் வாசம் வேறு.

ஏன் இப்படி என்று தெரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. பவர் ஸ்டீயரிங் பம்ப் எஞ்சின் பெல்ட்டில் ஓடுவது. நாம் திருப்பினாலும் திருப்பாவிட்டாலும் அது ஒயிலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். நேராக ஓட்டும்போது ஒயில், முன் சக்கரங்களைத் திருப்பும் ரெக்குக்குள் போய்ச் சும்மா சுற்றித் திரும்பிவிடும், அழுத்தம் மிகக் குறைவு. ஸ்டீயரிங்கை முட்டும் வரை ஒடித்துப் பிடித்தால் ஒயிலுக்குப் போக வழியில்லை. அழுத்தம் உச்சத்துக்கு ஏறி, பம்புக்குள் இருக்கும் ரிலீஃப் வால்வு திறந்து, ஒயில் அங்கேயே சுற்றத் தொடங்கும். சின்னக் கார்களில் அந்த உச்சம் பொதுவாக 60 முதல் 80 பார். 70 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 6 லீற்றர் போகிறது என்று வைத்துக்கொண்டு பெருக்கிப் பாருங்கள், 700 வாட் வரும். அவ்வளவும் சூடுதான். கிட்டத்தட்ட ஒரு அயன்பெட்டியை ஒயிலுக்குள் போட்டுவைத்த மாதிரி. கார் ஓடினாலாவது காற்றுப் படும். நெரிசலில் நின்று ஒடித்தால் அதுவும் கிடையாது.

எங்கள் பக்கத்துத் தோட்டப் பாதைகளில் இது அன்றாடம். லயத்துக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவை ஒரே மூச்சில் எடுக்க முடியாது. ஒடித்து, நிறுத்தி, ரிவர்ஸ் எடுத்து, திரும்ப ஒடித்துத்தான் ஏற வேண்டும்.

இரண்டு வேலை என்று முடிவெடுத்தேன். பம்பிலிருந்து ரெக்குக்குப் போகும் பிரஷர் ஹோஸ் இரும்புப் பூண் கவ்வும் இடத்தில் வியர்க்கத் தொடங்கியிருந்தது, அதைப் புதிதாகச் செய்விப்பது ஒன்று. திரும்பி வரும் லைனில் ஒரு கூலர் போடுவது மற்றொன்று. என் காரில் அந்த லைனில் கூலர் என்று தனியாக எதுவும் இல்லை, முன்பக்கம் ஒரு வளையம் போட்டு வரும் வெறும் இரும்புக் குழாய்தான்.

முதல் சனிக்கிழமை ஹோஸைக் கழற்றுவதிலேயே போனது. பம்ப் பக்கம் நடுவில் துளையுள்ள ஒரு போல்ட், அதன் இரு பக்கமும் வாஷர். ரெக் பக்கம் நட்டு. அந்த நட்டுக்குச் சாதாரண ஸ்பேனர் போட்டால் மூலை மழுங்கிவிடும். பிரேக் குழாய்க்குப் போடும் வெட்டு விழுந்த ரிங் ஸ்பேனரை இரவல் வாங்கித்தான் கழற்றினேன். கழற்றுமுன் இரண்டு முனையும் எந்தப் பக்கம் பார்த்து இருக்கின்றன என்று வெள்ளைப் பெயின்ட்டால் கோடு போட்டு வைத்தேன். கெட்டிக்காரன்தான். அப்புறம் ஹோஸைச் சுத்தமாகக் கொண்டுபோக வேண்டுமே என்று மண்ணெண்ணெயில் கழுவினேன். கோடும் ஒயிலோடு சேர்ந்து போய்விட்டது. அதை அப்போது கவனிக்கவில்லை.

ஹோஸ் செய்விக்கக் கண்டிக்குப் போனேன். காரைக் கழற்றிப் போட்டாயிற்று, ஆகவே பஸ். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று மூன்று மணித்தியாலத்துக்குக் கிட்ட, மடியில் ஒயில் வாசம் வீசும் ஒரு ஷொப்பிங் பேக். பக்கத்தில் இருந்த அம்மா கினிகத்தேனையிலேயே இடம் மாறி உட்கார்ந்துவிட்டார்.

கடை பெக்கோ (மண் தோண்டும் மெசின்), லொறி, ட்ரக்டர் என்று எல்லாவற்றுக்கும் ஹைட்ரோலிக் ஹோஸ் அடித்துக் கொடுக்கும் கடை. பழைய ஹோஸின் இரும்பு முனைகளை வெட்டி எடுத்து, அவற்றில் புது நிப்பிளைப் பித்தளை வைத்து ஒட்டி, புது ரப்பரை நடுவில் வைத்து மெசினில் நசுக்கித் தருவார்கள். 3/8 அங்குல ஹோஸில் இரண்டு வகை. உள்ளே ஓர் அடுக்குக் கம்பிப் பின்னல் உள்ளது ஆர்1, 180 பார் தாங்கும். இரண்டு அடுக்கு உள்ளது ஆர்2, 330 பார். என் தேவை 80 பார்கூட இல்லை.

"ஆர்1 போதும் தம்பி" என்றார் கடைக்காரர்.

"ஆர்2வே போடுங்க அண்ணே."

"பெக்கோவுக்குப் போடுறது அது. ஒங்க காரு போனாலும் ஹோஸ் இருக்கும்."

எனக்கு அது பாராட்டு மாதிரிக் கேட்டது. அவர் சொன்னது எச்சரிக்கை.

வீட்டுக்கு வந்து பூட்டினால், பம்ப் பக்கம் சரியாக உட்கார்ந்தது, ரெக் பக்கம் முனை கால் வட்டம் தள்ளி நிற்கிறது. முறுக்கித்தான் பொருத்த வேண்டும். ஹைட்ரோலிக் ஹோஸின் மேல் நீளத்துக்கு எழுத்துக் கோடு ஒன்று அச்சடித்திருப்பார்கள். ஹோஸ் முறுகியிருக்கிறதா என்று பார்க்க அந்தக் கோடே போதும். என் ஹோஸில் அது கொடி மாதிரிச் சுற்றிக்கொண்டு போனது. அப்படியே விட்டால் அழுத்தம் ஏறும் ஒவ்வொரு தடவையும் ஹோஸ் தன்னை நிமிர்த்தப் பார்க்கும், நட்டுத் தளரும், இல்லையென்றால் பூண் விடும். ஏடிஎஃப், அதாவது இந்த ஸ்டீயரிங் ஒயில், சூடான சைலன்சர் குழாயில் கொட்டினால் தீப்பிடிக்கவும் கூடும். திரும்பக் கண்டி. இந்தத் தடவை முனைகள் இருக்க வேண்டிய கோணத்துக்குத் தடித்த கம்பியை வளைத்து அச்சு எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் கம்பியைப் பார்த்துவிட்டு, "இத மொதல்லயே கொண்டாந்திருக்கணும்" என்று மட்டும் சொன்னார். ஆர்1க்கு மாறச் சொல்லி அவர் மறுபடி கேட்கவில்லை, நானும் மாறவில்லை.

கூலர் லேசாகக் கிடைத்தது. கொழும்பில் வேலை செய்யும் மச்சான் பஞ்சிகாவத்தையில் தேடி, பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்றின் ஒயில் கூலரை வாங்கி அனுப்பினான். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான நீளம், நான்கு விரல் உயரம். உள்ளே பழைய எஞ்சின் ஒயில் கசடு இருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கிக் கொட்டுவதை ஆறு தடவை செய்தேன். நாலாவது தடவை வரை மினுமினுப்பாகத் தூள் வந்தது. அதைக் கழுவாமல் பூட்டியிருந்தால் பம்ப் கதை முடிந்திருக்கும். ஏசி கண்டென்சருக்கு முன்னால் இரண்டு விரல் இடைவெளி விட்டு, ரப்பர் வைத்த பட்டியில் தொங்கவிட்டேன். ரெக்கிலிருந்து ஒயில் போத்தலுக்குத் திரும்பும் லைனில்தான் இதைப் போட வேண்டும். அங்கே அழுத்தம் சொற்பம், சாதாரணக் கிளிப்பே தாங்கும். பிரஷர் லைனில் போட்டால் கூலர் பிளந்துவிடும்.

இனி என் முட்டாள்தனம். கூலருக்கு ஹோஸ் இழுக்கும்போது வீட்டில் இருந்த ஹீட்டர் ஹோஸ் துண்டைப் போட்டேன். கொதிநீரையே தாங்குகிற ஹோஸ், ஒயிலுக்கு என்ன என்று நினைத்தேன். ஒரு கிழமை கழித்து விரலால் அமத்திப் பார்த்தால் அவித்த மரவள்ளிக்கிழங்கு மாதிரிக் கொழகொழத்தது. கிளிப்புக்கு இரு பக்கமும் ஊதிப் போயிருந்தது. தண்ணீர் ஹோஸின் ரப்பர் ஈபிடிஎம் வகை. தண்ணீருக்கும் கூலன்டுக்கும் அது ராஜா, மினரல் ஒயில் பட்டால் குடித்துக் குடித்து வீங்கும். ஒயிலுக்கு வேண்டியது நைட்ரைல் ரப்பர். ஏடிஎஃப் கூலர் ஹோஸ் என்று கேட்டால் ஸ்பெயார்ஸ் கடையில் மீற்றர் கணக்கில் வெட்டித் தருவார்கள். இரண்டு மீற்றர் வாங்கி எல்லாவற்றையும் மாற்றினேன். ஊதிய துண்டை எறியவில்லை, கேட்பவர்களுக்குக் காட்ட வைத்திருக்கிறேன்.

காற்று எடுக்கும் வேலைக்குப் பொறுமை வேண்டும். முன் சக்கரம் இரண்டையும் ஜெக்கில் தூக்கி, ஸ்டான்ட் வைத்து, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் ஸ்டீயரிங்கை முட்டுக்கு முட்டு இருபது தடவை மெதுவாகத் திருப்பினேன். ஒயில் இறங்க இறங்க டெக்ஸ்ரான் 3 வகை ஏடிஎஃப் ஊற்றினேன். கூலர் வந்ததால் முன்னைவிடக் கூடக் குடித்தது. அப்புறம் எஞ்சினைப் போட்டு அதே வேலை. ஒயில் இளஞ்சிவப்பாகக் கலங்கினால் காற்று இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். இரவு முழுக்க விட்டேன். ஹட்டன் குளிரில் காலையில் பார்த்தபோது போத்தலில் ஒயில் கண்ணாடி மாதிரித் தெளிந்திருந்தது.

சூட்டை அளக்க இரவல் வாங்கிய லேசர் வெப்பமானி. பளபளக்கும் உலோகத்தில் நேரே பிடித்தால் அது குறைத்துக் காட்டும். அதனால் குழாயில் கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் பிடித்தேன். கழற்றுவதற்கு முன்னமே தோட்டத்து மைதானத்தில் பத்து முழு ஒடிப்பு கொடுத்து அளந்து வைத்திருந்தேன்: போத்தலுக்குத் திரும்பும் குழாயில் 109 பாகை. கூலர் போட்ட பிறகு அதே மைதானம், அதே பத்து ஒடிப்பு: 81. பிறகு தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியா ஏறி, லபுக்கலை, ரம்பொடை இறக்கம் வரை போய்த் திரும்பினேன். அங்கே 60ஐத் தாண்டவே இல்லை. ஆனால் அதைக் கூலரின் வெற்றி என்று சொல்ல மாட்டேன். பெரிய பாதை வளைவுகளில் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும், முழு ஒடிப்பும் கிடையாது. கூலர் இல்லாமலும் அங்கே ஒயில் அவ்வளவு சூடாகியிராது.

கனம் போய்விட்டது, நுரை போய்விட்டது. ஆனால் புதிதாக ஒன்று வந்திருக்கிறது. ஐட்லிங்கில் நின்று ஸ்டீயரிங்கைச் சற்றுத் திருப்பினால் உள்ளங்கையில் ஒரு ரீங்காரம், தேன்கூட்டில் கை வைத்த மாதிரி. பம்ப் ஒயிலைச் சீராகத் தள்ளுவதில்லை, துடிப்புத் துடிப்பாகத்தான் தள்ளும். கம்பெனி ஹோஸ் கொஞ்சம் விரிந்து சுருங்கி அந்தத் துடிப்பை விழுங்கும். சிலவற்றில் அதற்கென்றே உள்ளே ஒரு சின்னக் குழாயும் வைத்திருப்பார்கள். இரண்டு அடுக்குக் கம்பி போட்ட பெக்கோ ஹோஸ் விரியாது, துடிப்பை அப்படியே ரெக்குக்கு அனுப்பிவிடும். 6,000 ரூபாய்க் கூலர் செய்த வேலைக்கு நன்றி சொல்கிறேன். 14,000 ரூபாயும் இரண்டு கண்டிப் பயணமும் விழுங்கிய ஹோஸ் வியர்வையை நிறுத்தியது, அதோடு இந்தப் பாட்டையும் கொண்டுவந்தது. ஆர்1 போட்டிருந்தால் கொஞ்சமாவது குறைந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

மாமா ஏறி உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய்விட்டு, "சத்தம் நல்லாத்தானே இருக்கு, புது வண்டி மாதிரி" என்றார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.

நேற்றிரவு காருக்கு அடியில் பழைய பத்திரிகை விரித்துவிட்டுப் படுத்தேன். காலையில் ரெக் பக்கம் ஒரே ஒரு சிவப்புப் பொட்டு. முன்பு கொட்டியது வடிகிறதா, புது லீக்கா என்று சொல்லத் தெரியவில்லை. துடைத்துவிட்டு நட்டைச் சற்று இறுக்கி, வேறு தாள் விரித்திருக்கிறேன்.